கணக்கில் 529 ஓம், மீட்டரில் 39 ஓம்: எது சரி?

கேள்வி: 230 வோல்ட், 100 வாட் என்று அச்சிட்ட பழைய இழை பல்பு ஒன்றுக்குக் கணக்குப் போட்டேன். மின்தடை 529 ஓம் வருகிறது. பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 39 ஓம்தான் காட்டுகிறது. மீட்டர் பழுதா, சூத்திரம் தப்பா? இதே முறையில் தண்ணீர் மோட்டாருக்கும் கணக்குப் போடலாமா?

பதில்: உங்கள் மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. நீங்கள் பல்பை இரண்டு வெவ்வேறு நிலைகளில் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. திறன் என்பது மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருக்கி வருவது. 100 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 0.435 ஆம்பியர். மின்தடை வேண்டுமானால் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 230 ÷ 0.435 = ஏறத்தாழ 529 ஓம். இதில் பிழையே இல்லை. ஆனால் இது பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டிருக்கும்போது உள்ள மின்தடை. அப்போது உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸில் தகதகக்கிறது. உலோகம் சூடாக ஆக அதன் மின்தடை ஏறும். மல்டிமீட்டரோ தன் சின்ன பேட்டரியிலிருந்து துளி மின்னோட்டத்தை மட்டும் அனுப்பிப் பார்க்கிறது. இழை சூடாவதே இல்லை. அதனால்தான் பதின்மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த 39 ஓமை வீண் எண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் பல்புக்கு உண்மையில் இருப்பது இந்த மின்தடைதான். 230 ÷ 39 போட்டுப் பாருங்கள்: கிட்டத்தட்ட 6 ஆம்பியர். அதாவது 100 வாட் பல்பு முதல் நொடியின் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு 1,350 வாட் அளவுக்கு இழுக்கிறது. இழை சூடானதும் மின்தடை ஏறி, மின்னோட்டம் தானாக அடங்கிவிடுகிறது. நாள்பட்ட பல்பில் இழை ஏதாவது ஓரிடத்தில் மெலிந்திருந்தால், அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடாகி அறுந்துவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போட்டவுடன் ‘பட்’டென்று பியூஸ் போவது இதனால்தான்.

எல்லாப் பொருளும் இப்படி இல்லை. ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டுக்கு அதிகம் மாறாது. 1,000 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் கணக்கு 52.9 ஓம், ஆறியிருக்கும்போது அளந்தாலும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். அதனால் ஹீட்டர் காயில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓம் அளவு நம்பகமான வழி. மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் திறன் என்ன ஆகும் என்பதையும் இதிலேயே சொல்லிவிடலாம்: 200 × 200 ÷ 52.9 = 756 வாட். மின்னழுத்தம் 13 சதவீதம் குறைந்தால் சூடு 24 சதவீதம் குறைகிறது. பல்புக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. மின்னழுத்தம் குறைந்தால் இழையின் சூடு குறையும், கூடவே மின்தடையும் குறையும். ஆகவே திறன் 76 வாட்டுக்குச் சற்று மேலேயே நிற்கும்.

நீங்களே பார்க்க ஆசையிருந்தால் வீட்டு மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம். 12 வோல்ட் இழை பல்பு ஒன்றை எடுத்து 3, 6, 12 வோல்ட் என்று படிப்படியாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சேர்த்தே குறித்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். மின்தடை ஏறிக்கொண்டே போகும். மின்னோட்டம் அளக்கும்போது மீட்டரைப் பல்புடன் தொடராக இணைக்க வேண்டும். ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டரை பேட்டரியின் இரு முனைகளுக்கும் நேராக வைத்தால் அது ஷார்ட் சர்க்யூட். ஓம் அளப்பதென்றால் இணைப்பை முழுக்கத் துண்டித்த பிறகுதான். அப்புறம், மீட்டர் 350 மில்லி ஆம்பியர் காட்டினால் கணக்கில் 0.35 என்று எழுத வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

சரி, மோட்டாருக்கு வருவோம். அங்கே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது காயிலின் மின்தடை அல்ல. 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடினால் கணக்கு 57.5 ஓம் என்கிறது; காயிலை அளந்தால் சில ஓம்தான் இருக்கும். மாறுமின்னோட்டத்தில் காயிலின் காந்தப்புலமும் சுழலும் மோட்டாரில் உண்டாகும் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மோட்டார் சுற்ற முடியாமல் இறுகிப்போனால் அந்த எதிர் மின்னழுத்தம் இல்லாமல் போகிறது, மின்னோட்டம் பல மடங்கு எகிறுகிறது, காயில் கருகுகிறது.

திறனும் அங்கே வெறும் பெருக்கல் அல்ல. 230 × 4 = 920 என்பது வோல்ட்-ஆம்பியர். இதில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்று சொல்லும் விகிதம்தான் பவர் ஃபேக்டர்; அது 0.8 என்றால் உண்மையான திறன் 736 வாட். பவர் ஃபேக்டர் பெரும்பாலும் மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கும். இல்லையென்றால் கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) காட்டும் ஆம்பியரை மட்டும் வைத்து ஊகிக்காமல், வாட்டை நேரடியாகக் காட்டும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.