தானாகப் படித்துக்கொள்ளும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

நான் தொண்டிப் பக்கம் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். மகள் அரசுப் பள்ளியில் ஏழாவது முடிக்கப்போகிறாள், வகுப்பில் முதல். ஆசிரியர்கள் நேரமெல்லாம் பத்தாவதில் தேறாத பிள்ளைகளின் ஸ்பெஷல் கிளாசுக்கே போய்விடுகிறது. கேட்டால், 'உங்க பொண்ணு தானா படிச்சுக்கும்' என்கிறார்கள். நன்றாகப் படிப்பது குற்றமா?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் நியாயம்தான். 'தானா படிச்சுக்கும்' என்பது பாராட்டு மாதிரி சொல்லிக் கைகழுவுவது. ஆனால் அந்த ஸ்பெஷல் கிளாசை ஒருநாள் எட்டிப் பாருங்கள். மினிமம் மெட்டீரியல் என்று நாலு தாளைக் கொடுத்துத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்கள். பையனும் மணிமணியாக எழுதியிருப்பான். அவன் எழுதியதிலேயே ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள், முழிப்பான். எழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறான், அவ்வளவுதான். 35க்குப் பக்கத்தில் நிற்கிறவனைத் தள்ளிவிட்டால் ரிசல்ட் கூடும், அதற்காக ஓடுகிற வகுப்பு அது. உங்கள் மகளுக்குக் கிடைக்காத நேரம் அவனுக்கும் போய்ச் சேரவில்லை.

பள்ளியில் பங்கு போட வேண்டிய பெரிய சொத்து, நல்ல ஆசிரியரின் நேரம். ஒன்றாவது இரண்டாவதில் அது திணறுகிற பிள்ளைக்கே அதிகம் போகட்டும் என்பதுதான் என் கட்சி. எட்டு வயதுக்குள் வாசிக்க வந்துவிட்டால் பத்தாவதில் இந்தக் கூத்து தேவைப்படாது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது இதற்குத்தான். கென்யாவிலும் ஆய்வாளர்கள் முதல் வகுப்பை மதிப்பெண்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது: இரண்டு பக்கப் பிள்ளைகளும் முன்னேறியிருந்தார்கள். நிலைக்குத் தக்கபடி ஆசிரியரால் சொல்லித்தர முடிந்ததுதான் காரணம் என்றார்கள். நம்மூரிலோ ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பிரித்தால் அது முத்திரையாகவே ஒட்டிக்கொள்கிறது. அதுதான் பயம்.

சரி, உங்கள் மகள் விஷயம். கலாம் பிறந்த கரை என்று மேடையில் பேசுவது இருக்கட்டும், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. எட்டாவதில் என்எம்எம்எஸ் என்று மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை வருடத்துக்கு 12,000 ரூபாய். பாடத்தோடு மனத்திறன் தாளும் உண்டு. அந்தக் கேள்விகள் பாடப் புத்தகத்தில் இருக்காது, பழைய வினாத்தாளை வைத்துப் பழக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஆசிரியர் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். அதைக்கூடத் தராமல் 'தானா படிச்சுக்கும்' என்பதைத்தான் நீங்கள் விடக் கூடாது.

பள்ளி திறக்கும்போது மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருக்காது, ஜூன் 14 வரை நீங்கள் கரையில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் எப்போது என்று கேட்டு உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். என்எம்எம்எஸ் பயிற்சி யார் பொறுப்பு என்று கேளுங்கள். கூடவே, ஆறாவதில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.