கேள்வி – பதில்: குடியிருக்க ஏற்ற ஊர் எது?

கேள்வி: உலகில் வாழ்வதற்கு ஏற்ற நகரங்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகிறது. வியன்னா அதில் பலமுறை முதலிடம் பெற்றிருக்கிறது. இதை நம்பலாமா? ஓர் ஊரை நல்ல ஊர் ஆக்குவது எது? (வாசகர், ஈரோடு)

பதில்: பட்டியல் பொய்யில்லை, ஆனால் அது யாருக்காகப் போடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடும் பட்டியலைத்தான் தாங்கள் குறிப்பிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து 7 ஆண்டுகள் மெல்போர்ன் அதில் முதலிடத்தில் இருந்தது. 2018-இல் வியன்னா அந்த இடத்தைப் பிடித்தது. 2025-இல் கோபன்ஹேகன் முந்திக்கொண்டது. வெளிநாடுகளுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள், வசதி குறைந்த ஊருக்குப் போகிறவருக்கு எவ்வளவு கூடுதல் படி கொடுப்பது என்று கணக்கிடவும் இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துகின்றன. பாதுகாப்பு, மருத்துவம், பண்பாடு, கல்வி, உள்கட்டமைப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அந்த ஊரில் துப்புரவுப் பணி செய்கிறவருக்கு வாடகை கட்டுப்படியாகுமா என்பதற்கு மட்டும் இல்லை. கம்பெனியே வாடகை கொடுக்கும்போது அந்தக் கேள்வி எழாதுதான்.

வியன்னாவை நான் மெச்சுவதோ அந்த வாடகைக்காகத்தான். முதல் உலகப் போர் முடிந்தபோது, ஓர் அறையைப் பல பேர் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்த ஊர் அது. 1919-இல் நகர மன்றத்தைக் கைப்பற்றிய சமூக ஜனநாயகக் கட்சியினர், 1923-இல் வீட்டு வரி ஒன்றை விதித்தார்கள். சிறு வீட்டுக்குச் சொற்பமும் மாளிகைக்குப் பெருந்தொகையுமாக அமைந்த அந்த வரியைக் கொண்டு, 1934-இல் அவர்களது ஆட்சி ஒடுக்கப்படும்வரை 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. ஏறத்தாழ 1,400 வீடுகளோடு சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைத்தார்கள். இன்றும் அந்நகரம் ஏறத்தாழ 2,20,000 வீடுகளுக்குச் சொந்தக்காரர். இந்த வீடுகளை ஊருக்கு வெளியே ஓரிடத்தில் குவிக்காமல் எல்லா வட்டாரங்களிலும் பரப்பியிருக்கிறார்கள் என்பதும், விண்ணப்பிப்பதற்கான வருமான வரம்பை உயர்வாக வைத்திருப்பதால் பள்ளி ஆசிரியரும் டிராம் ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள் என்பதும், குடியேறியபின் சம்பளம் கூடிவிட்டது என்பதற்காக யாரையும் வெளியேற்றுவதில்லை என்பதும்தான் அங்குள்ள சூட்சுமம். ஊரை நடத்துகிற மனிதர்கள் ஊருக்குள்ளேயே குடியிருக்க முடிகிறதா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் கணக்கு. பூங்காவும் இசையரங்கமும் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகச் சென்னையில் இருக்கிறேன். மேம்பாலங்கள் வந்தன, மெட்ரோ வந்தது. ஆனாலும் வாழ்க்கை எளிதானதாகத் தோன்றவில்லையே, ஏன்? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: தாங்கள் மயிலாப்பூரில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். தங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா எங்கிருந்து வருகிறார்? 1970-இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. நொச்சிக்குப்பத்தின் 'ஸ்லம் போர்டு' வீடுகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அவை சிறியவை, பராமரிப்பும் போதாது. ஆனால் கடலுக்குப் போகிறவர் கடற்கரையிலேயே இருந்தார். 2000-க்குப் பிறகு கொள்கை திரும்பியது. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே வெகுதொலைவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வீடு கிடைத்தது, வேலை தொலைந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதை, இலவசம் என்று எள்ளுகிறவர்கள் உண்டு. நான் அதை, நகரம் தானே துரத்தியவர்களுக்குச் செலுத்தும் தவணையாகத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது தண்ணீர். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்பார்கள். சென்னைக்குக் கொசஸ்தலை, கூவம், அடையாறு என்று மூன்று ஆறுகள். 2015 டிசம்பரில் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் வந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு நோய்கள் அல்ல. மழைநீர் தங்கும் இடத்தையெல்லாம் மனையாக்கியதால் வந்த ஒரே நோய். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்குள் எவ்வளவோ சுருங்கிவிட்டதே என்ற வருத்தமும் உண்டு. வியன்னாக்காரர்கள் 1873-லேயே மலைச்சுனை நீரைக் குழாய் வழியாக, பம்பு இல்லாமல், சரிவின் போக்கிலேயே ஊருக்குள் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர் வெட்டிய ஏரிகளும் சரிவை நம்பியவைதாம். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு வழியும். அந்த வாய்க்கால்களின் மேல்தான் இன்று பல நகர்கள் எழுந்து நிற்கின்றன.

நடைபாதையைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறந்தபோது, வயதானவர்கள் வெறுமனே உட்கார்ந்து பேசுவதற்காகவே அங்கு வந்தார்கள். வாங்க வருகிறவர்களுக்காகப் போட்டதை நடக்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் தெருவில் அப்படி ஒரு நூறு அடி இருந்தால் மெட்ரோ நிலையம்வரை தாங்களும் நடந்தே போவீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றபின் கோவையா திருச்சியா என்று முடிவு செய்ய முடியவில்லை. வாழ்வதற்கு எளிதான நகரங்கள் என்று மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் கோவை முன்னால் இருக்கிறதே? (வாசகர், மும்பை)

பதில்: 2021 மார்ச்சில் வெளியான அந்தப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூரு முதலிடத்திலும் கோவை 7-ஆம் இடத்திலும் இருந்தன. தாங்கள் குடியேறப்போவது நகரத்தில் அல்ல, ஒரு தெருவில். மனதுக்குப் பிடித்த ஊரில் மூன்று மாதம் வாடகைக்கு இருங்கள். வண்டியை எடுக்காமல் பால், மருந்து, வங்கி, கோயில், மருத்துவர் என்று எத்தனை காரியம் நடக்கிறது என்று பாருங்கள். வீடு பார்க்க, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். தரகர் வேறு நாள் சொல்லுவார், ஒப்புக்கொள்ள வேண்டாம்.