எதிரியுடையதா, நம்முடையதா?

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ பார்த்தேன். மூல நாவலை முன்பே படித்திருக்கிறேன், அதில் இவ்வளவு சண்டை கிடையாது. பேசும் நெருப்பு, நடக்கிற கோட்டை என்று போகிற குழந்தைக் கதைக்குள் குண்டுவீச்சை எதற்குத் திணிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இயக்குநர் திணித்திருக்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் இருக்கிறது. டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதிய நாவலில் போர் பேச்சளவோடு நிற்கிறது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசகியின் படம் வந்தது 2004 நவம்பரில். நடுவில், 2003 மார்ச் 20-ஆம் தேதி இராக் மீது படையெடுப்பு தொடங்கியது, மூன்றே நாளில் மியாசகியின் முந்தைய படத்துக்கு ஆஸ்கர் அறிவித்தார்கள், அவர் வாங்கப் போகவில்லை. இராக்கில் குண்டு போடுகிற நாட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதை 2009-இல்தான் வெளியே சொன்னார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வந்த படம் இது.

நாவல் படித்தவர் என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோட்டைக்குச் சொந்தக்காரனான மந்திரவாதி ஹவுலின் வீட்டுக் கதவுக்கு மேலே நான்கு நிறக் குமிழ் இருக்குமே, நாவலில் அதைக் கருப்புப் பக்கம் திருப்பிக் கதவைத் திறந்தால் பிரிட்டனில் இருக்கிற வேல்ஸ் வரும், அவனுடைய சகோதரி வீடு வரும். படத்தில் அதே கருப்புப் பக்கம் திறந்தால் எரிகிற வானம். அக்கா தங்கை வீடு இருந்த இடத்தில் போர்க்களத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மனிதர்!

தொடக்கத்தையும் இன்னொரு தடவை பாருங்கள். தெருவெல்லாம் கொடி, பட்டாளம் ஊர்வலம் போகிறது, ஊரே ஆரவாரம் செய்கிறது. கதாநாயகியான தொப்பிக்கடை சோஃபி கூட்டத்தை விட்டு ஒதுங்கிச் சந்துக்குள் நுழைந்தால், அங்கே இரண்டு சிப்பாய்கள் அவளை வழிமறித்து வம்பு பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள்.

கேள்வி: இதில் நல்ல நாடு எது என்று என் பத்து வயது மகன் கேட்கிறான். என்ன சொல்ல?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: ‘எனக்கும் தெரியலைடா’ என்று சொல்லிவிடுங்கள், அதுதான் சரியான பதில். பக்கத்து நாட்டு இளவரசனைக் காணோம் என்று யாரோ போகிற போக்கில் பேசுகிறார்கள், அதற்கு மேல் படத்தில் விளக்கம் கிடையாது. பூவெளியில் நிற்கும்போது தலைக்கு மேலே பெரிய போர்க்கப்பல் பறந்து வருகிறது. எதிரியுடையதா, நம்முடையதா என்று சோஃபி கேட்கிறாள். எதுவாக இருந்தால் என்ன என்கிறான் ஹவுல். அவனொன்றும் மாவீரன் இல்லை. போருக்கு வரச் சொல்லி அரசன் அனுப்பிய அழைப்பு ஜென்கின்ஸ், பென்ட்ராகன் என்ற இரண்டு பொய்ப் பெயருக்கும் வந்து சேர, சாபத்தால் தொண்ணூறு வயதுக் கிழவியாகிவிட்ட சோஃபியைத் தன் அம்மாவாக நடிக்க வைத்து, ‘என் பிள்ளை எதற்கும் லாயக்கில்லை’ என்று அரண்மனையில் சொல்லிவிட்டு வரச் சொல்கிற ஆள். பட்டாளத்துக்கு டிமிக்கி கொடுப்பவன்தான் இங்கே கதாநாயகன்.

கேள்வி: கதையை இப்படி மாற்றியதற்கு நாவலாசிரியருக்குக் கோபம் வரவில்லையா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை, அவருக்குப் படம் பிடித்திருந்தது. இருவருமே இரண்டாம் உலகப் போர்க்காலக் குழந்தைகள், ஜோன்ஸ் பிறந்தது 1934, மியாசகி பிறந்தது 1941. ஜோன்ஸ் போரைக் கதைக்கு வெளியே வைத்தார், மியாசகியால் முடியவில்லை. முடியாததில் ஆச்சரியமும் இல்லை. அவர் குடும்பத் தொழிலே போர் விமானங்களுக்குப் பாகம் செய்து கொடுத்ததுதான். அதனாலோ என்னவோ, குண்டு போடுகிற விமானத்தைக்கூட அழகாகத்தான் வரைந்துவிடுகிறார். எனக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

கேள்வி: அவ்வளவு பெரிய போர் கடைசியில் ஒரே வார்த்தையில் முடிவது அபத்தம் இல்லையா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: (படம் பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.) முதல் தடவை எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. அரச மந்திரவாதி சுலிமான் அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, பிரதமரையும் தளபதியையும் கூப்பிடு, இந்த முட்டாள்தனமான போரை முடித்துக்கொள்வோம் என்கிறார். அப்புறம்தான் உறைத்தது. ஒரு வார்த்தையில் நிற்கிற போர் என்றால் அதை அன்று காலையிலேயே நிறுத்தியிருக்கலாமே, சோஃபியின் ஊர் எரிவதற்கு முன்னால்? அடுத்து வரும் கடைசிக் காட்சியில் கோட்டை நீல வானத்தில் பறக்கிறது, கீழே மேகத்தோடு மேகமாகப் போர்க்கப்பல்கள் போய்க்கொண்டிருக்கின்றன. வீடு திரும்புகின்றனவா, இன்னொரு ஊருக்குப் போகின்றனவா என்று படம் சொல்வதில்லை.