கொண்டது விடாமை

அன்புள்ள ஐயா,

மேடைக்காக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியிருக்கிறேன். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க ஒருவர் நண்பர் வீட்டுக்குப் போகிறார். கேட்க வாய் வரவில்லை. இதுதான் கதை. படித்த ஒருவர் ஜோக்கைக் குறைத்துக் கதையைச் செதுக்கச் சொல்கிறார். இன்னொருவர், கதையை யார் கேட்டார்கள், பக்கத்துக்கு நாலு சிரிப்பு வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கே.

அன்புள்ள கே.,

மூன்றாம் பக்கம் வரை சத்தமாகவே சிரித்தேன். ஐந்தாம் பக்கத்தில், இன்னும் எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தேன். ஜோக்குகள் மோசமாகிவிடவில்லை, உங்கள் ஆளுக்குக் கடன் மறந்துபோய்விட்டது. பணத்துக்காக வந்தவர் டிவி, மாமியார், தொப்பை என்று கிண்டலடித்துக்கொண்டிருக்கிறார். அதே வசனங்களை நண்பர் வாயில் வைத்தாலும் சிரிப்பு வரும். கோளாறு அங்கேதான்.

உணர்ச்சிகளைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல் (கிண்டல்), இளமை, பேதைமை (அறியாமை), மடன். நாம் எழுத உட்கார்ந்தால் எள்ளலிலேயே குடியேறிவிடுகிறோம். எனக்குப் பிடித்தது நான்காவது. மடன் என்றாலும் மடம் என்றாலும் ஒன்றுதான்; அதற்குப் பழைய உரைகளில் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று விளக்கம் உண்டு. ஒருவர் சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாதிருப்பது. (அதைப் பெண்களுக்கான குணமாக ஏன் வைத்தார்கள் என்பது வேறு சண்டை.)

‘வாய்விட்டுக் கேட்பது மரியாதை இல்லை.’ உங்கள் ஆள் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கடைசிவரை விட விடாதீர்கள். பேச்சைப் பணத்தின் பக்கம் திருப்பப் பார்க்கிறார்: “விலைவாசி ஏறிப்போச்சு.” நண்பர் உருகிவிடுகிறார்: “உனக்காவது புரியுதே! உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தவிச்சிட்டிருந்தேன்.” இனி இவர் பர்ஸை எடுக்காமல் தப்ப முடியாது. இதில் ஜோக் என்று ஒன்றுமே இல்லை, ஆனால் அரங்கம் சிரிக்கும். திரும்பிப்போக வைத்திருந்த பஸ் காசையும் சேர்த்துக் கொடுக்கும் இடம் உங்கள் நாடகத்திலேயே நல்ல இடம். ஆனால் அவர் அந்தச் சில்லறையை எண்ணி முடிந்துகொண்டதை, கொடுத்து முடித்த பிறகு வசனத்தில் சொல்கிறீர்கள். முதல் காட்சியிலேயே பேசாமல் எண்ணட்டும்.

“கொடுத்துட்டுப் போறேன், கேக்க வந்தவன்” என்பதையும் திருப்பிப் போடுங்கள்: “கேக்க வந்தவன், கொடுத்துட்டுப் போறேன்.” வெடிக்கிற சொல்லுக்குப் பின்னால் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

என் நாடகம் ஒன்றில் பெரிய சிரிப்புக்கு அடுத்த வரியிலேயே கதையின் முடிச்சை வைத்தேன். ஒத்திகையில் கச்சிதமாக இருந்தது. மேடையேறிய அன்று சிரிப்புச் சத்தத்தில் அந்த வரி காணாமல் போனது. இடைவேளையில், “அந்தப் பெட்டி யாரோடது?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதிலிருந்து பெரிய சிரிப்பை அடுத்து, தொலைந்தாலும் பரவாயில்லாத வரி ஒன்றைப் போட்டுவைக்கிறேன்.

மாமியார் ஜோக்கை வெட்டும்போது கை நடுங்கும். நல்ல ஜோக்தான். வேறு நாடகத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.