கடலுக்கு அந்தப் பக்கம் கரண்டு

கேள்வி: ஐயா, போர்னியோ தீவிலிருக்கும் நம் சரவாக் மாநிலத்தின் பாக்குன் அணையில் 2,400 மெகாவாட் எடுக்கலாம் என்கிறார்கள். அந்த மாநிலம் இந்தோனேசியாவுக்குக் கூட விற்கிறது. நமக்கு ஏன் தருவதில்லை? மாநிலங்களுக்குள் ஒத்துப்போகவில்லையா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போன மாதம் பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவியும் இதையேதான் கேட்டாள், அம்மா. முப்பது வருஷம் துணைமின் நிலையங்களில் கிடந்தவன் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதே தீவில் இந்தோனேசியாவின் மேற்குக் காலிமந்தானுக்கு 2016-லிருந்து கரண்டு போவது உண்மைதான். அது தரைவழி. கோபுரம் நட்டுக் கம்பி இழுத்தால் வேலை முடிந்தது. நம் தீபகற்ப மலேசியா பக்கம் வர வேண்டுமானால் தென்சீனக் கடலுக்கு அடியில் சுமார் 650 கிலோமீட்டர் கேபிள் வேண்டும். வீட்டுக்கு வரும் ஏசி கரண்டு நொடிக்கு 50 தடவை போய்த் திரும்புவது. அத்தனை நீளக் கேபிளில் ஒவ்வொரு தடவையும் கேபிளையே நிரப்பி வடிப்பதற்குத்தான் அது சரியாக இருக்கும். மறுகரைக்கு உருப்படியாக ஒன்றும் வராது. ஆகவே அங்கே ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றி அனுப்பி, இங்கே மறுபடி ஏசியாக்க வேண்டும். இரண்டு கரையிலும் அதற்கென்று பெரிய நிலையங்கள் வேண்டும். தொண்ணூறுகளில் இப்படித்தான் திட்டம் போட்டார்கள். 1997-ல் ரிங்கிட் சரிந்ததும் கேபிளைக் கைவிட்டார்கள்.

அணை மட்டும் 2011-ல் ஓடத் தொடங்கியது. 2017-ல் சரவாக் அரசே அதைக் கூட்டரசிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. அதே சரவாக்கில் சமலாஜுவில் அலுமினிய ஆலை பக்கத்திலேயே வாங்குகிறது. கடல் தாண்டி விற்க அவர்களுக்கு என்ன அவசரம்?

ஒத்துழைப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2022-ல் லாவோஸிலிருந்து 100 மெகாவாட் தாய்லாந்து, மலேசியா கம்பிகள் வழியாகச் சிங்கப்பூர் போனது. தீபகற்ப மாநிலங்கள் எல்லாம் எப்போதோ ஒரே மின்தொகுப்பில், அதாவது ஒன்றோடொன்று இணைத்த கம்பி வலையில்தான். அதிலும் ஒரு சங்கடம் உண்டு, ஓரிடத்துக் கோளாறு எல்லா இடத்துக்கும் பரவும். 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மாலை. திரெங்கானுவில் ஒரு லைன் டிரிப் ஆனதில் கோலாலம்பூரே இருண்டது. செந்தூலில் எங்கள் பிளாட்டில் லிப்ட் நின்றுவிட்டது. பிரிஜ்ஜில் வைத்த தோசை மாவு இரவோடு இரவாகப் புளித்து வழிந்து, காலையில் மாடி முழுக்க எங்கள் வீட்டுத் தோசைதான்.

தென்கிழக்காசிய நாடுகளை இணைக்கும் ஆசியான் மின்தொகுப்புப் பேச்சில் அந்தக் கடல் கேபிள் இப்போது மறுபடி தலைகாட்டுகிறது. செலவு யாருடையது, யூனிட் என்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும், பிறகு நம்புகிறேன். அதுவரை உங்கள் வீட்டு மின்விசிறி பெரும்பாலும் நிலக்கரியிலும் கேஸிலும்தான் சுற்றும்.