சேலம் பக்கத்திலிருந்து தூதராகப் போனவர் உண்டா? அதற்கு நிறைய மொழி தெரிய வேண்டுமா?

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சுலபம். உண்டு, குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். குமாரமங்கலம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கு நாமக்கல் மாவட்டம், 1997-க்கு முன்னால் சேலம் மாவட்டம். நாமக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) 1957 தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போட்டவர். அவர் வாயில் பெயர் வராது, 'ஜமீன்தாரு' தான். அதனால் நானும் வெகு நாள் வில்லுவண்டி, வேட்டை என்று ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் என்றெல்லாம். கடைசியாக 1962-ல் மகாராஷ்டிர ஆளுநர் ஆனார். அந்தப் பதவியில் இருக்கும்போதே அக்டோபரில் காலமானார்.

தூதராகப் போனது 1949-ல், இந்தோனேசியாவுக்கு. டச்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தது அந்த வருடம் டிசம்பர் 27-ல். அடுத்த மாதமே சுகர்ணோ நம் முதல் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக டெல்லி வந்துவிட்டார். இரண்டும் புதுசாக விடுதலை பெற்ற நாடுகள் என்பதால் உறவு அவ்வளவு நெருக்கம். அந்த ஊர் மொழியில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கப்பால்', மாம்பழத்துக்கு 'மங்கா'. சேலத்துக்காரர் ஒருவர் ஜகார்த்தா சந்தையில் 'மங்கா' என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

சரி, மொழி விஷயம். அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான். 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சுப்பராயன் கல்வி, சட்ட அமைச்சர். (ராஜாஜியும் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர்தானே.) 1938-ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கி உத்தரவு போட்டது அந்த அரசுதான். அதை எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் அடுத்த வருடம் சிறையில் இருந்தபோது உயிர்விட்டார்கள். சுப்பராயனுக்கு அந்தத் திட்டத்தில் உடன்பாடில்லை என்று எழுதுவார்கள். இருக்கலாம். ஆனால் கல்வி அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் அவர். அந்தப் பங்கை அவர் கணக்கிலிருந்து கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே ஆள் 1955-ல் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினர். 1965-க்குள் ஆங்கிலத்தின் இடத்துக்கு ஹிந்தி வர வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கணக்கு. அதற்கு வழி சொல்லத்தான் ஆணையமே. பெரும்பான்மை உறுப்பினர்கள் அந்த வழியிலேயே போனார்கள். மறுப்புக் குறிப்பு எழுதியவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் வங்காளத்து மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி, இன்னொருவர் நம்ம சுப்பராயன். ஹிந்தியை அவசரப்பட்டுக் கொண்டுவராதீர்கள், ஆங்கிலம் தொடரட்டும் என்பதுதான் சாரம். சொந்தக் கட்சி டெல்லியை ஆண்டுகொண்டிருந்தபோது எழுதியது. 1938-ல் கற்ற பாடமா, ஜகார்த்தாவில் இருந்து பார்த்ததில் வந்த தெளிவா? எனக்கென்னவோ முதலாவதுதான் என்று தோன்றுகிறது.

வீட்டிலும் ஒரே மொழி இல்லை. மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர், பிறந்த வீட்டு மொழி கொங்கணி. அவரும் சாதாரண ஆள் இல்லை, லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். மூத்த பிள்ளை ராணுவத் தளபதி ஆனார், மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட். 1957-ல் அப்பா திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரஸ் எம்.பி., மகள் கோயமுத்தூரிலிருந்து கம்யூனிஸ்ட் எம்.பி. இரண்டு வருடம் கழித்து அப்பா மத்திய மந்திரி, அதே அவையில் மகள் எதிர்வரிசை. எங்கள் வீட்டில் உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கொரு சின்னத்துக்குப் போட்டாலே ஒரு வாரம் பேச்சு வார்த்தை நின்றுவிடும்.

இரண்டாவது பாதி. என் அக்கா மகளும் போன மாதம் இதையேதான் கேட்டாள்: "மாமா, வெளியுறவுப் பணிக்குப் போகணும்னா இப்பவே பிரெஞ்சு படிக்கணுமா?" வேண்டியதில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தேர்வான பிறகு அரசே ஒரு வெளிநாட்டு மொழியை ஒதுக்கிப் பயிற்சி கொடுக்கும். அதில் தேர்ச்சி பெறுவது கட்டாயம். அதற்குள் ஆங்கிலத்தில் தடுமாறாமல் எழுதிப் பழகு, சேலத்தில் குகை என்ற பகுதியின் தறிக்காரர்கள் வீட்டில் பேசும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தால் நின்று கேள் என்றேன். தெலுங்குதான் ஏற்கெனவே தெரியுமே என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். சினிமாதானாம்.