கணக்கு கேளுங்கள்

கேள்வி: 15 புள்ளி, இடைப்புள்ளி 8 கோலம். எண்ணித்தான் வைக்கிறேன். போட்டு முடித்தால் மேலும் கீழும் இழுத்தாற்போல் நீண்டுவிடுகிறதே?
– வாசகி, மன்னார்குடி

பதில்: எண்ணிக்கையில் தப்பில்லை, வரிசைக்கு வரிசை விடும் இடைவெளிதான் தகராறு. ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளுக்கு இடையே வருவதுதான் இடைப்புள்ளி. அதில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மூன்றைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம் வரவேண்டும். அதற்கு வரிசை இடைவெளி, புள்ளி இடைவெளியில் 0.866 மடங்குதான். பக்கத்துப் புள்ளிக்கு 2 அங்குலம் விட்டால், அடுத்த வரிசைக்கு 1¾ அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கேயும் 2 அங்குலமே விட்டிருப்பீர்கள். வரிசைக்குக் கால் அங்குலம்தானே என்று தோன்றும். 15 வரிசைக்கு நடுவே 14 இடைவெளி இருக்கிறது. 24¼ அங்குல உயரம் 28 ஆகிவிடும்.

துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றை 2 அங்குலத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். நடுவரிசை 15 புள்ளியை வைத்த பிறகு, ஒவ்வொரு புதுப் புள்ளியும் முந்தைய வரிசையில் அதை ஒட்டியுள்ள இரண்டு புள்ளிகளிலிருந்தும் அந்தக் குச்சி அளவு தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். வரிசைக்கு ஒரு புள்ளியைச் சரிபார்த்தாலே போதும். 169 புள்ளியும் வைத்தபின் அறுகோணத்தின் ஆறு விளிம்பும் தலா 14 அங்குலம் வரவேண்டும். சாய்ந்த விளிம்பு மட்டும் நீளமாக இருந்தால் கோடு இழுக்கும் முன்பே அழித்துவிடலாம். நேர்ப்புள்ளிக்கு இந்த வம்பே கிடையாது, அங்கே எல்லாம் சதுரம்.

கேள்வி: 12க்கு 10 அடி அறை. மூலைக்கு மூலை இரண்டும் ஒரே அளவு என்றார் மேஸ்திரி. ஆனாலும் சுவரோரம் டைல் கோணலாக வெட்டுப்படுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: மூலைவிட்டம் சமமாக இருந்தால் மட்டும் போதாது, எதிரெதிர்ச் சுவர்களும் சமமாக வேண்டும். ஒரு சுவர் 12 அடி, எதிர்ச்சுவர் 11 அடி 10 அங்குலம் இருந்தாலும் மூலைவிட்டங்கள் ஒத்துப்போகும். பக்கச் சுவர்கள் தலா 1 அங்குலம் சாய்ந்திருக்கும். சரியான மூலைவிட்டம் 15 அடி 7½ அங்குலம். இப்போதைக்கு, அறை நடுவில் நூல் பிடித்துத் தொடங்கச் சொல்லுங்கள். சாய்ந்த சுவரை ஒட்டித் தொடங்கினால் மற்ற மூன்று சுவரிலும் கோணல் தெரியும். அடுத்த முறை மனையில் முளை அடிக்கும்போதே 3-4-5க்குப் பதில் 6-8-10 அடியில் (ஒரு பக்கம் 6, மறுபக்கம் 8, குறுக்கே 10 வந்தால் மூலை நேர்) மூலைமட்டம் பாருங்கள். சின்ன முக்கோணத்தில் நூலளவு பிசகினாலும் நீளமான சுவரில் அது பல மடங்காகும்.

கேள்வி: 8 அங்குல தோசை இரண்டா, அதே விலைக்கு 12 அங்குலம் ஒன்றா?
– வாசகர், மதுரை

பதில்: ஒரே கனம் என்றால் பெரிய தோசைதான் லாபம். வட்டத்தின் பரப்பை ஒப்பிட விட்டத்தை அதே எண்ணால் பெருக்கிப் பார்த்தால் போதும். 8ஐ 8ஆல் பெருக்கினால் 64, அதை இரண்டு தடவை கூட்டினால் 128. 12ஐ 12ஆல் பெருக்கினால் 144. ரோஸ்ட் என்று மெல்லிசாக இழுத்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.